மூலை மிஷின்

பஞ்சவர்ணத்துக்குக் கோபம் வந்தால் கைதான் முதலில் போகும், வாய் பின்னால் வரும். உடையார்பாளையத்தில் முந்திரிக்கொட்டை எடையில் கைவைக்கப் பார்த்த தரகரை, அவருடைய தராசுத் தட்டாலேயே சாத்தியவள். ஊரில் அவளை எல்லாருக்கும் பிடிக்கும், யாரும் பக்கத்தில் நிற்க மாட்டார்கள். அப்படிப்பட்டவள் பெரம்பலூரில் கல்லீரல் டாக்டருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்றால், அவளுக்கு எவ்வளவு பயம் இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"மறுபடியும் பாசிட்டிவ்மா," என்றார் டாக்டர்.

"எது சார்?"

"ஹெபடைடிஸ் சி. ஒங்க வீட்டுக்காரருக்கு மாத்திரை குடுத்து சரி பண்ணோமே, அதேதான்."

"அது போயிடுச்சுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? நான் இனிப்பு வாங்கியாந்து குடுத்தேனே."

"அது போனது நெசம். இது பழசு திரும்பி வந்ததில்ல. கிருமியோட வகையே வேற. புதுசா ஏறியிருக்கு. ரத்தத்துலேருந்துதான் ஏறும். டயாலிசிஸ் பண்ற எடத்துல கையுறை மாத்தாம, நாற்காலி சரியா துடைக்காம..." டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"தை மாசம் ஆபரேஷன் சார்."

"இப்ப முடியாதும்மா. தள்ளித்தான் வைக்கணும்."

அதற்கப்புறம் டாக்டர் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை. மறுபடி மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் இதுவும் போகும், அப்புறம் ஆபரேஷனைப் பார்க்கலாம் என்று அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அவளுக்குத் தை மாதம் கைவிட்டுப் போனது மட்டும்தான் தெரிந்தது. திருச்சியில் எத்தனை பரிசோதனை, எத்தனை ஊசி, கடைசியில் அவளுடைய கிட்னி அவருக்குப் பொருந்தும் என்று சொன்ன நாளில் ஆஸ்பத்திரி வாசலிலேயே தேங்காய் உடைத்தவள் அவள். அந்த ஒரு கிட்னியை அவர் உடம்பில் வைத்துவிட்டால் போதும், வாரம் மூன்று நாள் அரியலூருக்கு ஓடுகிற பிழைப்பு தீர்ந்துவிடும், மனுஷன் ஒரு சொம்புத் தண்ணீரை நிம்மதியாகக் குடிப்பார். அவள் கேட்டது அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் ரஞ்சன்குடிப் பக்கம் வெங்காயக் காட்டில் இருந்த தம்பிக்குப் போன் போட்டாள்.

சிங்காரவேலு அவள் இடுப்பில் வளர்ந்தவன். அக்கா குதி என்றால் கிணற்றில் குதிப்பான், எதற்கு என்று மேலே ஏறி வந்த பிறகுதான் கேட்பான்.

"தம்பி, ஒம் மாமாவுக்கு மறுபடி கிருமிய ஏத்தி வுட்டுட்டானுங்கடா. ஆபரேஷன் போச்சு."

"எவன்க்கா?"

"அந்த மரிய செல்வம் பய. ஊசி குத்தறவன். சோம்பேறி நாயி, ஒரே கையுறைய மாட்டிக்கிட்டு எல்லாத்தையும் தொட்டிருக்கான். நீ அரியலூருக்கு வா. அவன் கைய ஒடிக்காம வூட்டுக்குப் போவாத."

"வரேன்," என்றான். போன் அணைந்துவிட்டது.

அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சிமெண்டு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிரே வந்து புழுதியை வாரி அடித்தன. அவள் ஜன்னலை மூடவில்லை. மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டே போனாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற கை. ஓட்டிலிருந்து வடிகிற பால் பட்டுப் பட்டுத் தோல் வெந்து, விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது. எவ்வளவு சாம்பல் பூசிக்கொண்டு உடைத்தாலும் பால் தன் வேலையைக் காட்டிவிடும். ஆபரேஷனுக்கு முன்னால் கை ஆற வேண்டும், உடைப்பதை நிறுத்து என்று திருச்சி டாக்டர் சொல்லியிருந்தார். தை மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று அவள் நிறுத்தவில்லை.

அரியலூரில் அந்த டயாலிசிஸ் சென்டர் முன்பு கல்யாண மண்டபத்தின் பந்தி ஹாலாக இருந்த இடம். இலை போட்ட வரிசையில் இப்போது நாற்காலியும் மிஷினும். கடைசி மூலையில் மட்டும் பச்சைத் திரை போட்டு ஒரு மிஷின் தனியாக இருந்தது. ரத்தத்தில் கிருமி உள்ளவர்களுக்கு அது. மூலை மிஷின் என்பார்கள். அவள் புருஷன் தர்மராஜும் ஒரு காலத்தில் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களோடு மற்றவர்கள் ஒரு பிஸ்கட்கூடப் பகிர்ந்துகொள்ள மாட்டார்கள். மாத்திரை தின்று, கிருமி போய், அவர் திரைக்கு இந்தப் பக்கம் வந்த அன்றைக்கு, தள்ளி வைத்திருந்த பங்காளிகள் திரும்பச் சேர்த்துக்கொண்ட மாதிரி இருந்தது அவருக்கு.

பஞ்சவர்ணம் செருப்புக் காலோடு உள்ளே போனாள். மரிய செல்வம் வரதராஜன்பேட்டைக்காரன், முப்பது வயசு இருக்கும், ஒல்லியான ஆள். ஒரு மிஷினுக்கு முன்னால் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் திருப்பி விட்டாள் ஓர் அறை. கண்ணாடி பறந்து போய் விழுந்தது. அடுத்த அறையில் உதடு கிழிந்தது.

"எம் புருசன் ரத்தத்துல என்னடா கலந்த? சொல்றா!"

அவன் கையை ஓங்கவில்லை, தடுக்கவும் இல்லை. நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லாம் கத்தினார்கள். கத்த மட்டும்தான் முடியும். உடம்பு ரத்தம் குழாய் வழியாக வெளியே ஓடிக்கொண்டிருக்கும்போது யார் எழுந்து வந்து விலக்குவது? மூன்றாவது அறைக்குக் கை போனபோது, அன்றைய டயாலிசிஸுக்கு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்த தர்மராஜின் குரல் வந்தது.

"அவன அடிக்காத பஞ்சு. நான்தான் கேட்டேன்."

"என்னத்தக் கேட்ட?"

"மூலை மிஷின்ல நான் உக்காந்துக்கறேன்னு நான்தான் கேட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. மரிய செல்வத்தின் சட்டையை விடாமலே திரும்பிப் பார்த்தாள்.

தர்மராஜ் சொன்னார். ஐப்பசி மழையில் இடி விழுந்து இரண்டு மிஷின் போய்விட்டது. அன்றைக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். ஏலாக்குறிச்சிப் பக்கம் பள்ளிக்கூட டீச்சர், சகாய பிரியா என்று பெயர். மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றாள், கால் இரண்டும் வீங்கிக் கிடந்தது. காலியாக இருந்தது மூலை மிஷின் ஒன்றுதான். கிருமி இல்லாத பெண்ணை அதில் உட்கார வைக்கக் கூடாது, திருப்பி அனுப்பினால் ராத்திரி தாங்காது. மரிய செல்வம் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"நான்தான் சொன்னேன், அந்தப் புள்ள என் நாற்காலியில உக்காரட்டும்னு. எனக்குத்தான் அது வந்துட்டுப் போயிடுச்சே. இனிமே எனக்கு வராதுன்னு..."

"யாருய்யா சொன்னா வராதுன்னு?"

"அம்மை வந்து எழுந்தவனுக்கு மறுபடி வருமா? அது மாதிரிதானேன்னு நெனச்சேன்."

பஞ்சவர்ணத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர்கள் தெருவில் யார் வீட்டில் அம்மை போட்டாலும் தர்மராஜைத்தான் கூப்பிடுவார்கள். ஏழு வயசில் அம்மை கண்டு பிழைத்தவர். அம்மை வந்து எழுந்தவரைத்தான் அம்மை வீட்டுக்குள் விடுவார்கள். வேப்பிலை கொண்டுபோய்ப் போடுவார், இளநீர் வெட்டிக் கொடுப்பார், சொந்த அண்ணன் தம்பியே எட்டி நிற்கிற வீட்டுக்குள் இவர் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் வருவார். ஆத்தா தன்னைத் தொட்டு விட்டவள், இனி தொட மாட்டாள் என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமையை இங்கேயும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"நான் தடுத்திருக்கணும்க்கா," என்றான் மரிய செல்வம், உதட்டு ரத்தத்தைத் தோளில் துடைத்தபடி. "இது அம்மை மாதிரி இல்ல, எத்தன தடவ வேணும்னாலும் வரும்னு எனக்குத் தெரியும். ஒரு நாள்தானேன்னாரு. மிஷின் ரிப்பேர் ஆகறதுக்குள்ள நாலஞ்சு தடவ ஆயிடுச்சு. எந் தப்புதான்."

எதிர் நாற்காலியில் இருந்த பெண் விசும்பினாள். அவள்தான் சகாய பிரியா. "எனக்குத் தெரியாதுங்கக்கா. மாமா வேற நேரத்துக்கு மாத்திக்கிட்டாங்கன்னுதான் சொன்னாங்க."

பஞ்சவர்ணம் புருஷனை நோக்கி ஓங்கிக்கொண்டு போனாள். குழாயைப் பார்த்ததும் கை அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் இருந்த தள்ளுவண்டியை ஓங்கி ஓர் உதை விட்டாள். மருந்துத் தட்டும் கத்தரியும் பஞ்சும் தரையெங்கும் சிதறின.

"தானம் பண்ணுனியா? ஒன் ஒடம்பு ஒன்னோடதாய்யா? அதுல பாதி என்னோடது! அறுத்துக் குடுக்கறேன்னு நான் வயித்தத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கேன், நீ எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

தர்மராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அழுவது தெரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தம்பி ஞாபகம் வந்தது.

உடனே போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறவன் எங்கே எடுப்பான்?

"செல்வம், நீ பின்பக்கமா ஓடிடு. எந் தம்பி வரான். நான்தான் வரச் சொன்னேன்."

மரிய செல்வம் மிஷினைப் பார்த்தான். "அண்ணனுக்கு முடிஞ்சிடுச்சுக்கா. ஊசி எடுத்துக் கட்டுப் போடணும். நர்ஸக்கா சாப்புடப் போயிருக்காங்க. எடுத்துட்டுப் போயிடறேன்."

"மண்டையில அறிவிருக்கா ஒனக்கு? போன்னா போயேன்!"

"ஊசியோட எப்படிக்கா வுட்டுட்டுப் போறது?" என்று சொல்லிவிட்டு, புதுக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டான். அவள் வாசலுக்கு ஓடினாள்.

சிங்காரவேலு அதற்குள் வந்துவிட்டான். வண்டியை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே கீழே சாய்த்துவிட்டு இறங்கினான். தலை முதல் கால் வரை சிமெண்டுப் புழுதி. கையில் சாக்குச் சுற்றி எதையோ பிடித்திருந்தான். மக்காச்சோளத் தட்டை வெட்டுகிற அரிவாள் என்று பிடியைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வேணாண்டா தம்பி! அவன் மேல தப்பில்ல. ஒம் மாமாதான்..."

"பயந்துட்டியா? பணங்கிணம் தரேன்னானா?"

"இல்லடா, கேளுடா நாயே, நான் சொல்றதக் கேளு!"

"நீ சொன்னதத்தான்க்கா செய்யறேன்."

அவளை ஒரே தள்ளாகத் தள்ளினான். படியில் விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டு அவள் எழுவதற்குள் அவன் உள்ளே போய்விட்டான். சாக்குத் துணி வாசற்படியில் கிடந்தது.

அவள் நொண்டிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது மரிய செல்வம் தர்மராஜின் கையிலிருந்து இரண்டாவது ஊசியையும் எடுத்துக் கட்டுப் போட்டு முடித்திருந்தான். சிங்காரவேலு அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்து மேஜை மேல் சாய்த்தான். வலது கையை மேஜையில் வைத்து அமுக்கி, அரிவாளைத் திருப்பி அதன் முதுகால் ஒரு போடு போட்டான். விரல் எலும்பு முறிகிற சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. மரிய செல்வம் மாட்டுக்கன்று போலக் கதறினான். இடது கையால் தடுக்க வந்தான், அந்தக் கையிலும் விழுந்தது ஒரு போடு. நாற்காலிகளில் இருந்த கிழவர்கள்கூட அலறினார்கள். யாரோ மாதாவே மாதாவே என்றார்கள். அவன் தரையில் சுருண்டு விழுந்தான், கையுறைக்குள் விரல்கள் தாறுமாறாகத் தொங்கின.

அதோடு விட்டிருக்கலாம். அக்கா கேட்டது அவ்வளவுதான். ஆனால் அடிக்கிற கைக்கு ஒரு ருசி வந்துவிட்டால் அது யார் பேச்சையும் கேட்காது. சிங்காரவேலு அரிவாளை மறுபடி ஓங்கினான். இந்தத் தடவை வெட்டுப் பக்கம் கீழே இருந்தது.

"மாப்ள, வேணாம்!"

தர்மராஜ் எழுந்து நடுவில் பாய்ந்தார். டயாலிசிஸ் முடிந்ததும் தலை சுற்றும், கொஞ்ச நேரம் படுத்திருக்க வேண்டும். அவர் தடுமாறிக்கொண்டே போய் இடது கையைக் குறுக்கே நீட்டினார். ஆறு வருஷமாக அந்தக் கையில் அரை வாளித் தண்ணீர் தூக்காதவர், அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்காதவர், ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த கை என்று குழந்தை மாதிரி வைத்துக் காப்பாற்றியவர். ராத்திரியில் பஞ்சவர்ணம் அதில் காதை வைத்துக் கேட்பாள், உள்ளே ரத்தம் கிர்ரென்று ஓடும். அந்தக் கையைத்தான் நீட்டினார்.

அரிவாள் முழங்கைக்குக் கீழே இறங்கியது.

பம்புசெட்டில் தண்ணீர் பீச்சுகிற மாதிரி ரத்தம் சுவரில் போய் அடித்தது. சிங்காரவேலுவின் முகத்தில், பச்சைத் திரையில், சகாய பிரியாவின் காலடியில் எல்லாம் தெறித்தது. தர்மராஜ் தன் கையையே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். சிங்காரவேலுவின் கையிலிருந்து அரிவாள் நழுவியது.

"மாமா," என்றான். "மாமா."

"அமுக்குங்க! வெட்டுமேல அமுக்குங்க!" தரையில் கிடந்த மரிய செல்வம் கத்தினான். இந்த ஹாலில் ரத்தத்தை நிறுத்தத் தெரிந்த கை இரண்டுதான். இரண்டையும் இப்போதுதான் உடைத்துப் போட்டிருந்தார்கள். பஞ்சவர்ணம் பாய்ந்து போய் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் வெட்டுவாயை அழுத்தினாள். சூடான ரத்தம் விரலிடுக்கில் பொங்கி வந்தது.

"வெறுங்கையால வேணாம்க்கா! ஒங்க கையெல்லாம் வெடிப்பு! கிருமி ஏறிடும்! கையுறை போடுங்க!"

சகாய பிரியா ஊசி குத்தாத கையை எட்டுகிற மட்டும் நீட்டி, பக்கத்து மேஜையில் இருந்த கையுறைப் பெட்டியைத் தட்டிவிட்டாள். அது பஞ்சவர்ணத்தின் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. பஞ்சவர்ணம் அதைப் பார்த்தாள். உறையை மாட்ட வேண்டுமென்றால் கையை எடுக்க வேண்டும். கையை எடுத்தால் அவர் போய்விடுவார். விரல் வெடிப்புகளில் ரத்தம் இறங்கித் தீயாக எரிந்தது. முந்திரிப் பால் எரிவதுபோலத்தான் இருந்தது. அவள் இன்னும் அழுத்தினாள்.

"என்னடா மரமாட்டம் நிக்கற? துண்டக் கழட்டி மேல கட்டுடா! இறுக்கிக் கட்டுடா கொலகாரப் பாவி!"

மரிய செல்வம் வழி சொல்லச் சொல்ல, சிங்காரவேலு துண்டை மாமாவின் தோளுக்குக் கீழே சுற்றி, கத்தரியை நுழைத்து முறுக்கினான். அழுதுகொண்டே முறுக்கினான். ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும், வந்து ஆஸ்பத்திரி போய்ச் சேருகிற வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.

தர்மராஜ் பிழைத்துக்கொண்டார். அந்த ரத்தக் குழாயை முடிச்சுப் போட்டு அடைத்துவிட்டார்கள். கையில் இனி கிர் சத்தம் கேட்காது. கழுத்தில் குழாய் சொருகியிருந்தது, இனி அதன் வழியாகத்தான் டயாலிசிஸ். மரிய செல்வத்தை இரண்டு கையிலும் கட்டோடு வேறு வார்டில் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு நர்ஸ் வந்து பஞ்சவர்ணத்திடம் ரத்தம் எடுத்தாள். இப்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது, சில வாரம் கழித்து மறுபடி எடுத்துத்தான் கிருமி இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும் என்றாள்.

போலீஸ் வந்தது. சிங்காரவேலு ஒரே வார்த்தையில் நின்றான். நானாத்தான் வந்தேன், யாரும் சொல்லல. வராண்டாவில் நின்ற பஞ்சவர்ணத்துக்கு அது கேட்டது.

"பொய் சொல்றாம்மா," என்றாள் பெண் போலீசிடம். "நான்தான் கைய ஒடிடான்னு போன்ல சொன்னேன். என்னையும் எழுதிக்குங்க. எம் புருசன ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்."

தர்மராஜ் கண்ணைத் திறந்து படுத்திருந்தார். அவளைப் பார்த்ததும் உதட்டை அசைத்தார். அவள் குனிந்தாள்.

"அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆவலையே?"

யாரைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. கோபம் மூண்டது. இவ்வளவுக்குப் பிறகும் மனுஷனுக்கு ஊரார் கவலைதான்.

"இனிமே எவளுக்காச்சும் எடம் குடுத்தின்னா, ஒன்ன அப்படியே வெட்டி..."

அந்த வார்த்தை பாதியில் நின்றது. நாள்தோறும் கோழியை, ஆட்டை, மழையை, மாமியாரை, எல்லாரையும் அவள் வாயால் வெட்டிப் போட்டிருக்கிறாள். இன்றைக்குத்தான் அந்த வார்த்தை தொண்டைக்குக் கீழே இறங்கியது. கல்லை விழுங்கியது போலக் கனத்தது. அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள்.

அவர் நல்ல கையை நீட்டி அவள் கையைத் தேடினார். அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"மறுபடி மாத்திரை குடுப்பாராம் டாக்டரு," என்றாள். "தின்னு. எனக்கும் வந்திருந்தா நானும் ஒன்னோட சேந்து தின்னுக்கறேன். அப்புறமா குடுக்கறேன் கிட்னிய. அதுவரைக்கும் உசுரோட இருந்தாப் போதும்."

அவர் அவளுடைய முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைய நல்லா கழுவுனியா பஞ்சு?"

மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள். வெடிப்புக்குள் போன சிவப்பு மட்டும் போகவில்லை.

"கழுவிட்டேங்க," என்றாள். கல்யாணமான புதிதில் பேசினது போல, மரியாதையாக. பிறகு எழுந்து, வாசலில் காத்திருந்த பெண் போலீசோடு நடந்தாள்.